ஐடில், லேசி இரண்டும் ஒன்றா?

பிறை_சூப்பர்வைசர்: ஐடில், லேசி, ஸ்லாக்கர், லோஃபர், எதை எடுத்தாலும் தமிழில் சோம்பேறிதான். ஆளிடம் விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதத்தில் எதைப் போட்டால் என்ன?

ஜார்ஜ்டவுன்_வாத்தியார்: ஐடில் ஒரு நிலை அண்ணே. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘வெறுமை’ என்று பொருள். சாமான் வரவில்லை, மெஷின் ஐடில், ஆளும் ஐடில். குற்றம் யாருடையது என்று அந்தச் சொல் சொல்லாது. சாமான் குவிந்து கிடந்தும் கை நகராதவன்தான் லேசி. அது குணம்.

பிறை_சூப்பர்வைசர்: ‘ஐடில் ஃபெல்லோ’ என்று திட்டுவதில்லையா?

ஜார்ஜ்டவுன்_வாத்தியார்: உண்டு. ஆளுக்கு முன்னால் ஒட்டினால் கொட்டும். ‘இரண்டு மணி நேரம் ஐடில்’ என்றால் கொட்டாது.

கெப்போங்_கலா: லோஃபரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீங்க. நம்ம காதுக்கு அது பொறுக்கி. ஆங்கிலத்தில் சும்மா பொழுதுபோக்குறவன், அவ்வளவுதான். ‘ஷேக் லெக்’ இன்னும் மோசம். மலாய் ‘கோயாங் காக்கி’யிலிருந்து வந்தது, வேலையில்லாமல் காலாட்டுறது. வெள்ளைக்காரனிடம் ‘ஷேக் எ லெக்’ என்றால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம்!

பிறை_சூப்பர்வைசர்: சரி, அப்போ லேசி என்றே போடுகிறேன்.

ஜார்ஜ்டவுன்_வாத்தியார்: குணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் பிரிவு 14, தவறான நடத்தைக்காக ஆளை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. அங்கே செயல்தான் நிற்கும். வேலை இருந்தும் நழுவினால் ஷர்க்கிங், நம் ஊர் மலாயில் ‘சூரி தூலாங்’. வேலையில் இருந்துகொண்டே 200 போர்டு இலக்குக்கு 120 மட்டும் முடித்தால் ஸ்லாக்கிங். ஆனால் மெஷின் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். நோய் நடித்தால் மாலிங்கரிங். அதை எழுதினால் எம்சி (மருத்துவச் சான்று) கொடுத்த டாக்டரையும் இழுக்கிறீர்கள், ஆதாரமில்லாமல் தொடாதீர்கள்.

கெப்போங்_கலா: இண்டொலண்ட்? அதுவும் சோம்பேறிதானே?

ஜார்ஜ்டவுன்_வாத்தியார்: ஆமாம், ஆனால் லத்தீனில் ‘வலியற்றது’. மெதுவாக வளரும் சில புற்றுநோய்களை டாக்டர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். காலனிக் காலத்தில் மலாய்க்காரர்களுக்கு ஒட்டிய பட்டமும் இதுதான். வெள்ளைக்காரன் எஸ்டேட்டில் கூலிக்குப் போக மறுத்ததே அந்தப் பட்டத்துக்கு முக்கியக் காரணம் என்று மலேசிய சமூகவியலாளர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

பிறை_சூப்பர்வைசர்: வரலாறு இருக்கட்டும். கடிதத்தில் என்ன எழுத?

ஜார்ஜ்டவுன்_வாத்தியார்: தேதி, ஷிப்ட், லைன், இலக்கு, முடித்தது, இடத்தில் இல்லாத நிமிடங்கள், பார்த்தவர் பெயர். அடைமொழி ஒன்றுகூட வேண்டாம்.

பிறை_சூப்பர்வைசர்: லேசி என்றால்தானே உறைக்கும்!

கெப்போங்_கலா: அதை வாயால் சொல்லிக்குங்க அண்ணே.