முன்பக்கத்தை நம்பி வாங்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள்

புது நாட்டுக்கு வந்த முதல் சில மாதங்கள் வேலை, வீடு, பேங்க் கணக்கு என்று அலைகிற அலைச்சலில் சூப்பர் மார்க்கெட்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வருவோம். நானும் அப்படித்தான் ஒன்றரை வருடம் ஓட்டினேன், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்ட பிறகுதான் லேபிள் படிக்க உட்கார்ந்தேன். நீங்கள் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

முன்பக்கம் விற்பதற்காக எழுதியது. 'மல்டிகிரெய்ன்' என்றால் பல தானியம், அவ்வளவுதான், அத்தனையும் தவிடு நீக்கிய மாவாகவே இருக்கலாம். கொழுப்பு குறைத்த பழத் தயிரில் ருசிக்காகச் சர்க்கரை சேர்த்திருப்பார்கள்.

பின்னால் உள்ள அட்டவணையில் முதலில் சர்விங் அளவை (ஒரு முறை சாப்பிடுவது என்று லேபிள் எடுத்துக்கொள்ளும் அளவு) பாருங்கள், பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். 3 பிஸ்கட், 30 கிராம், சர்க்கரை 9 கிராம் என்று போட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 30 கிராம், அதாவது பிஸ்கட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை (4 கிராம் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்). ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 கிராமுக்கான கணக்கு அட்டவணையிலேயே இருக்கும், இரண்டு பொருளை ஒப்பிட அதை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஓரத்தில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள் (ஒரு நாள் அளவில் ஒரு சர்விங் எவ்வளவு பங்கு என்பது அது), 5 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு, 20 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்.

பிரிட்டனில் பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை போடுகிறார்கள். அதன் எல்லைகளை எந்த நாட்டில் இருந்தாலும் போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் உணவில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 5 கிராம் வரை பச்சை. உப்பு 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 0.3 வரை பச்சை. நிறைவுற்ற கொழுப்புக்கு (சாச்சுரேட்டட் ஃபேட்) அதே மாதிரி 5, 1.5. குளிர்பானம், ஜூஸ் இதற்கெல்லாம் எல்லை இன்னும் குறைவு.

வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் இது முக்கியம். சில நாடுகளில் உப்பு என்று போடுவார்கள், சில நாடுகளில் சோடியம். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால்தான் உப்பு. ஒரு சூப் டப்பாவில் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால் உப்பு 2 கிராம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 5 கிராமுக்குள்தான். இறக்குமதிப் பொருளையும் உள்ளூர்ப் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதில் நான் பலமுறை தவறு செய்திருக்கிறேன்.

சுகர் உள்ளவர்களுக்கும் அதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு: அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் (கார்போஹைட்ரேட்) நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனி. ஒரு நாட்டுக் கணக்கை அப்படியே இன்னொரு நாட்டில் போடாதீர்கள்.

அப்புறம் சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும், அதனால் முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால் நான் திரும்ப வைத்துவிடுவேன். ஆனால் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு கான்சன்ட்ரேட் என்று பிரித்துப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும், கூட்டிப் பார்த்தால் சர்க்கரைதான் முதலிடமாகக்கூட இருக்கலாம். அதே சமயம் சர்க்கரை சேர்க்காத தயிரிலும் 100 கிராமுக்கு 4, 5 கிராம் சர்க்கரை காட்டும், அது பாலிலேயே உள்ளது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

மொழி தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் அட்டவணை வரிசை எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஆற்றல், கொழுப்பு, அதற்குள் நிறைவுற்றது, மாவுச்சத்து, அதற்குள் சர்க்கரை, புரதம், உப்பு. நார்ச்சத்து போட்டிருந்தால் புரதத்துக்கு முன்னால் வரும். சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒவ்வாமை தரக்கூடிய பொருள், குழந்தைக்கு அலர்ஜி இருந்தால் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க முடியாது. வாராவாரம் வாங்கும் பிரட், சீரியல், தயிர், சாஸ், பிஸ்கட் இந்த ஐந்தை மட்டும் ஒரு நாள் பொறுமையாக நின்று ஒப்பிட்டு முடிவு செய்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம்.