புதுப்பிப்பு: ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றுவிட்டது, கம்ப்ரசர் தப்பித்தது

போன வாரம் எங்கள் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ராத்திரியில் 'கரகர'வென்று கத்துகிறது என்று எழுதியிருந்தேன். வந்து பார்த்த மெக்கானிக் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னதையும் சொல்லியிருந்தேன். மாற்றவில்லை.

அதைப் படித்த ஒருவர் கேட்ட கேள்விதான் வழிகாட்டியது: "ஃப்ரீசர் கதவைத் திறந்தால் சத்தம் நிற்கிறதா?" நின்றது. கதவைத் திறந்ததும் நிற்பது உள்ளே இருக்கும் ஃபேன்; பின்பக்கம் அடியில் இருக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஃபேன் இறக்கை பனிக்கட்டியில் உரசியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி, மாவையும் பாலையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கதவையும் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தேன். (கத்தியால் பனியைக் குத்தாதீர்கள், உள்ளே குளிர்விக்கும் கேஸ் ஓடும் குழாய் ஓட்டையாகிவிடும்.) காலையில் தரையெல்லாம் தண்ணீர். பனி உருகும் நீர் வடியும் துளையில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது, கறிவேப்பிலைக் காம்பு மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டதும் 'களக்' என்று இறங்கியது. முன்பு காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றதும் இந்த அடைப்பால்தான்.

இப்போது கம்ப்ரசர் நிற்கும்போது ஒரு 'டக்', அப்புறம் கேஸ் ஓடும் 'குளுகுளு', அவ்வளவுதான். இரண்டும் சகஜம்.

மறுபடி பனி கட்டினால் டிஃப்ராஸ்ட் ஹீட்டரையோ (பனியை உருக்கும் ஹீட்டர்) அதன் சென்சாரையோ பார்க்கச் சொல்லப் போகிறேன். அதற்கு வேறு மெக்கானிக்.