ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்: புல்தரைக் குழாய்க் கசிவு அனுபவங்கள்

பீடோங் கார்னர் லாட்:

புல்தரைக்கு அடியில் புதைத்த ஸ்பிரிங்க்லர் பைப்பில் கசிவு என்றால், பச்சையாக இருக்கிற இடத்தைத் தோண்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதிக் கதைக்கு வருகிறேன்.

தைப்பூசம் கழிந்தால் கெடாவில் வெயில் எப்படி இருக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமான் (குடியிருப்பு) முழுக்கப் புல் காய்ந்து கிடக்க, எங்கள் வீட்டுப் பின்வேலி ஓரம் மட்டும் பாய் விரிக்கும் அகலத்துக்குப் பச்சைப் பசேல். போட்ட உரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். தண்ணி பில் வந்ததும் சந்தோஷம் போய்விட்டது. வேலைக்குக் கூப்பிட்ட ஆள் நேரே வேலியோரம் போய்ச் சங்கோலை (மண்வெட்டியை) ஓங்கிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்திவிட்டு மீட்டரிடம் போனேன்.

வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. கூரை மேலிருக்கும் டேங்க் நிரம்பட்டும் என்று காத்திருந்தோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேங்க் நிரம்பிக்கொண்டிருந்தால் மீட்டர் ஓடத்தான் செய்யும், இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும். மீட்டர் கண்ணாடிக்குள் சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருக்கும். மிக மெல்லிய ஓட்டத்துக்கும் அது அசையும். எங்கள் வீட்டில் அது நிற்காமல் சுற்றியது. புல்தரைக்குப் பிரிகிற இடத்தில் உள்ள கேட் வால்வை அடைத்தேன், நின்றது. திறந்தேன், மறுபடியும் சுற்றியது. சரி, வீட்டுக்குள் பிரச்சினை இல்லை.

இன்னொன்றும் அதிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சும் டைமர் அணைந்திருக்கும்போதே மீட்டர் ஓடுகிறது என்றால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கிற மெயின் பைப்பில் கசிவு இருக்கலாம், அல்லது சோலனாய்டு வால்வு (டைமர் சொல்லும்போது கரண்டில் திறந்து மூடுவது) சரியாக மூடாமல் இருக்கலாம். வால்வு மூடவில்லை என்றால் ஏதாவது ஒரு ஸ்பிரிங்க்லர் தலையில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் தலைகள் எல்லாம் காய்ந்திருந்தன. ஆகவே மெயின் பைப்தான். அதுவோ கார் போர்ச் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பச்சைத் திட்டு இருப்பது கடைக்கோடி வேலியில்!

காரணம் மண். எங்கள் தாமான் பழைய பால்மர (ரப்பர்) தோட்டத்து நிலம், கெட்டியான செம்மண். பைப் போட்ட பள்ளத்தில் மட்டும் மணலைக் கொட்டியிருக்கிறார்கள். கசிந்த தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்க முடியாமல் மணல் வழியே சரிவில் ஓடி வேலியோரம் எட்டிப் பார்த்திருக்கிறது.

மெயின் பைப்புக்குச் சற்று விலகி, மெல்லிய இரும்புக் கம்பியை மெதுவாகக் குத்திக்கொண்டே போனோம். (கரண்டு கேபிள் போகிற பக்கம் இதைச் செய்யாதீர்கள்.) எங்கேயும் கம்பி இறங்க மறுத்தது. ஓரிடத்தில் தானாகவே உள்ளே போனது. அங்கே கையால்தான் மண்ணை எடுத்தோம். முழங்கை இணைப்பில் முடியளவு கீறல், அதிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சி எதிர்மண்ணைக் குடைந்து ஒரு பொந்தே ஆக்கியிருந்தது. அடியில் உளுத்துப்போன பால்மரக் கட்டை, கையில் எடுத்தால் காப்பித்தூளாக உதிர்ந்தது. தாமான் கட்டும்போது கட்டைகளைத் தோண்டி எடுக்காமல் அப்படியே மூடியிருக்கிறார்கள். கட்டை உளுத்ததும் மண் இறங்கி, பைப் பிடிமானமில்லாமல் தொங்கி, இணைப்பு விட்டுவிட்டது.

0.8 மில்லிமீட்டர் ஓட்டையை யாரும் பொருட்படுத்த மாட்டோம். ஆனால் 4 பார் அழுத்தத்தில் அது மாதத்துக்கு 20 கியூபிக் மீட்டருக்கு மேல் கொட்டிவிடும்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, கம்பி குத்தியது சரி. நான் தோட்டத்துப் பம்ப் ஹவுசிலும் செம்பனை நாற்றங்காலிலும் பைப் வேலை பார்த்தவன். அங்கே நாங்கள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பைப்பிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்போம். இரும்புப் பைப்பில் இரைச்சல் தூரத்திலிருந்தே வரும். பிளாஸ்டிக்கில் அவ்வளவு தூரம் வராது, கிட்டப் போனால்தான் கேட்கும். விடியற்காலையில் கேளுங்கள். ரோட்டில் லாரி இருக்காது, தண்ணீர் அழுத்தமும் கூடுதலாக இருக்கும்.

ரிப்பேர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிப் பேர் கெடுப்பது இங்கேதான். ரப்பர் டியூப் சுற்றுவது, கீறல் மேல் பசை பூசுவது எல்லாம் அடுத்த மாதம் மறுபடி தோண்டுவதற்கான ஏற்பாடு. பிவிசி என்றால் கெட்டுப்போன துண்டை நேராக வெட்டி எடுங்கள். முனையின் பிசிறைச் சீவி, ஈரம் போகத் துடைத்து, பசை தடவி, ஸ்லிப் கப்ளிங் (இரு முனைகளையும் மூடி இணைக்கிற குழல்) போடுங்கள். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் பசை பிடிக்காது. பசை டப்பாவில் எவ்வளவு நேரம் காய விடச் சொல்லியிருக்கிறதோ அதற்கு முன் வால்வைத் திறக்கக் கூடாது.

கறுப்புப் பாலி பைப்புக்கு இந்தப் பசை ஒட்டவே ஒட்டாது, எத்தனை டப்பா ஊற்றினாலும். அதற்குக் கம்ப்ரெஷன் கப்ளிங் (பசையில்லாமல் நட்டை இறுக்கிப் பிடிக்கிற இணைப்பு) வாங்க வேண்டும். பைப்பை உள்ளேயுள்ள ரப்பர் வளையத்தைத் தாண்டும் வரை தள்ளி, அப்புறம் நட்டை இறுக்குங்கள்.

செமிலிங் அக்கா:

எங்கள் வீட்டில் மெயின் பைப் நன்றாகத்தான் இருந்தது. தாழ்வான மூலையில் ஒரு ஸ்பிரிங்க்லர் தலை மட்டும் ராப்பகலாக அழுதுகொண்டிருந்தது. தலையை மாற்றினோம், அப்போதும் அழுதது. நோய் வால்வில். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கிப் பார்த்தால், டயாஃப்ரம் என்கிற ரப்பர்த் தகட்டுக்கு அடியில் ஒரு மணல் துணுக்கு. அரிசி அளவுகூட இல்லை. கழுவித் திரும்பப் போட்டதும் நின்றுவிட்டது. ரப்பர் கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். முழு வால்வையும் மாற்றச் சொல்கிற ஆளிடம் காரணம் கேளுங்கள்.

அதைவிட எனக்குப் பயம் கொடுத்தது வால்வுப் பெட்டி. மூடியைத் திறந்தால் தெளிந்த தண்ணீர், அதில் நெளிகிற கொசுப்புழு. டெங்கி வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். சுகாதார அதிகாரிகள் அதைப் பார்த்திருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்டு (அபராதம்) போடலாம். பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது என்றால், ஒன்று மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் கசிவு. வறட்சியில் நின்றால் கசிவேதான். வால்வு மேலிருக்கும் காற்றுத் திருகு சற்று லூசாக இருந்தாலும் பெட்டி நிறையும். முதலில் அதைக் கையால் இறுக்கிப் பாருங்கள்.

குரூண் பையன்:

அக்கா, எங்கள் வீட்டிலும் தாழ்வான தலையில் தண்ணீர் வருகிறது. ஆனால் டைமர் நின்ற பிறகு கொஞ்ச நேரம்தான், அப்புறம் நின்றுவிடுகிறது. மீட்டரும் அசைவதில்லை. இதுவும் வால்வா?

பழைய ஃபிட்டர்:

இல்லை தம்பி. மேட்டில் இருக்கிற பைப்பில் மிச்சமான தண்ணீர் பள்ளத்துத் தலை வழியாக வடிகிறது. தானே நிற்பதும் மீட்டர் அசையாததும் அதற்கு அடையாளம். பைப்பைத் தோண்ட வேண்டாம். செக் வால்வு (மிச்சத் தண்ணீர் வடியாமல் தடுப்பது) வைத்த தலையாகப் பார்த்து மாற்றிவிடுங்கள், போதும்.

இதைச் சில பேர் பெரிய கசிவு என்று சொல்லிப் பணம் பிடுங்குவார்கள். கவனம்.

தாமான் மூலைக்கடை:

எங்கள் வீட்டில் புல்தரை போட்டவர் வால்வுப் பெட்டியையே இன்டர்லாக் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டுப் போனார். ஃபோன் எடுப்பதில்லை. டைமரில் ஒவ்வொரு ஸோனாக (ஒரே வால்வில் ஓடும் பகுதி) போட்டு அணைத்து, கல்லில் காதை வைத்து வால்வின் 'டக்' சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். பெட்டி எங்கே இருக்கிறது என்று படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்போதே.

குரூண் பையன்:

நன்றி ஐயா. தலை மாற்றும்போது பாலி பைப்பும் ஓரிடத்தில் நசுங்கியிருப்பதைப் பார்த்தேன். ஹார்ட்வேர் கடையில் என்ன சைஸ் கேட்பது?

பழைய ஃபிட்டர்:

பாலி பைப்பை வெளிவிட்டத்தில், மில்லிமீட்டரில் சொல்வார்கள். 25, 32 என்று. பிவிசியை நம் கடைகளில் இன்ச்சில் கேட்கலாம். இரண்டையும் குழப்பினால் கப்ளிங் சேராது. நசுங்கிய இடத்தை வெட்டி, அந்தத் துண்டையே கையோடு கொண்டு போங்கள். போட்ட பிறகு பள்ளத்தை உடனே மூடாமல், அந்த ஸோனை முழுச் சுற்று ஓடவிட்டு, காய்ந்த துணியால் இணைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள்.