சமுதாயக் கல்லூரியில் ஊட்டச்சத்து டிப்ளமோ சேரலாமா?

கேள்வி (திருமங்கலம்): தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள். மதுரையில் சமுதாயக் கல்லூரியில் (வேலைக்கு உதவும் குறுகிய காலப் படிப்புகள் நடத்தும் கல்லூரி) உணவும் ஊட்டச்சத்தும் டிப்ளமோ படிக்க ஆசைப்படுகிறாள். முடித்தால் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஆகலாமா?

பதில் 1: அந்த டிப்ளமோ மட்டும் போதாது தம்பி, அதற்குப் பட்டப்படிப்பே வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி சமையற்கூடம், கேட்டரிங் மாதிரி வேலைகளுக்கு உதவும். சேருவதற்கு முன்னால், சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், பின்னால் பி.எஸ்சி. சேர்ந்தால் இதைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பதில் 2: இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 6 மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்றும் உண்டு. மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது, விசாரியுங்கள்.

பதில் 3: ஆசைப்படுகிறாள் என்றால் தடுக்காதீர்கள் அண்ணா. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது, முளைகட்டினால் அதன் இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். இதெல்லாம் நம் ஊர் அடுப்படிக்கே வேண்டிய படிப்பு.