புதுப்பிப்பு: ஆப்பிரிக்க எருமைக்கு .375-ஆ, .416-ஆ?

ஜிம்பாப்வே எருமை வேட்டைக்கு .375 எச் அண்ட் எச் துப்பாக்கி வாங்குவதா, .416 ரிக்பியா (எண் தோட்டாவின் விட்டம், அங்குலத்தில்) என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. “உதையைத் தாங்க முடிகிற துப்பாக்கியை எடு” (உதை என்றால் சுடும்போது தோளில் இடிப்பது) என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். ரிக்பியின் 400 கிரெயின் (சுமார் 26 கிராம்) தோட்டாவுக்கு, மூன்றாவது வெடியிலேயே கண் தானாக மூடிக்கொண்டது. சரி, .375, 300 கிரெயின் என்று முடிவானது.

சாம்பேசிப் பள்ளத்தாக்கில் 60 மீட்டர் தூரம். முக்காலியில் தாங்கி, முன்னங்காலுக்கு நேர்மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைத்தேன். முதலில், உடம்பில் பட்டதும் விரியும் தோட்டா, அப்புறம் விரியாத கெட்டித் தோட்டா இரண்டு. கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது.

எதிர்பாராத சிக்கல் ஸ்கோப்தான் (துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி). 4 மடங்கில் வைத்திருந்ததால் புதருக்குள் வெறும் கறுப்பு மட்டும் தெரிந்தது. 1-க்குக் குறைத்த பிறகுதான் எது கொம்பு, எது தோள் என்றே புரிந்தது.