இது கோஹான் இல்லை, ரைஸு: ஜப்பானில் மேலைநாட்டுச் சாப்பாடு, உங்கள் அனுபவங்கள்

நிஷிகசாய்க்காரன்:

போன வாரம் அலுவலகத்தில் யாருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று பேச்சு வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்தவர் சுஷி என்றார், அமெரிக்கர் ராமென் என்றார். எங்கள் குழுவில் ஜப்பானியர் மூன்று பேர். அவர்கள் சொன்னது ஹம்பாகு, கறி ரைஸ், ஓமுரைஸ் (ஆம்லெட்டில் பொதிந்த சோறு). "மூன்றில் ஒன்றுகூட உங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லையே!" என்றார் ஜெர்மானியர். மூவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் சாப்பாடுதான் என்று ஒரே பிடியாக நின்றார்கள்.

எனக்கு இது புதிதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், டோக்கியோ வந்த முதல் மாதம், மேலாளர் ஒரு யோஷோகு கடைக்குக் கூட்டிப் போனார். யோஷோகு என்றால் மேலைநாட்டுச் சாப்பாடு. பட்டியலில் ஹம்பாகு என்று படித்ததும் பர்கர் வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். இரும்புத் தட்டில் சுடச்சுட ஒரு கைம்மா வடை வந்தது. ரொட்டி கிடையாது. மேலே பழுப்பு நிறத்தில் கெட்டிக் குழம்பு. கத்தி வைத்ததும் சாறு வழிந்தது. மாடும் பன்றியும் கலந்து அரைத்து, வெங்காயமும் ரொட்டித்தூளும் சேர்த்துப் பிசைவார்களாம். (வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)

பக்கத்தில் தட்டையான வெள்ளைத் தட்டில் சோறு. கிண்ணத்தில் தருவதுதானே வழக்கம் என்று, அப்போது தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் "கோஹான்?" என்று கேட்டேன். மேலாளர் பொறுமையாகத் திருத்தினார்: "இது கோஹான் இல்லை, ரைஸு." அதே அரிசி, அதே குக்கர். கிண்ணத்தில் விழுந்து குச்சியோடு வந்தால் கோஹான். தட்டில் பரப்பி முள்கரண்டியோடு வந்தால் ரைஸு.

பல நூறு வருஷம் மாட்டிறைச்சியை ஒதுக்கி வைத்திருந்த நாடு இது. 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வந்த பிறகுதான் ஜனங்களுக்குத் துணிச்சல் வந்தது. 1895இல் டோக்கியோவின் கின்சாவில் தொடங்கிய ரெங்காதெய் என்ற கடை, வெண்ணெயில் வாட்டும் கட்லெட்டைத் தெம்புரா மாதிரி எண்ணெய் நிறைய ஊற்றிப் பொரித்தது. பக்கத்தில் நூலாக நறுக்கிய பச்சை முட்டைகோஸ் வைத்தது. இன்றைய டொன்கட்ஸுவுக்கு, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சிக்கு, அதுதான் தாத்தா. எது வந்தாலும் இவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சோற்றோடு போகுமா?

நீங்களும் இப்படி ஏமாந்த கதை இருந்தால் சொல்லுங்கள்.

சுக்குக்காபி:

யோகோஹாமாவில் இருந்தபோது என்னோடு ஓர் இத்தாலிக்காரர் வேலை பார்த்தார். ஒருநாள் மதியம் பழைய காபிக்கடை ஒன்றில் ஒதுங்கினோம். பட்டியலில் 'நபோரித்தான்'. நேப்பிள்ஸ்காரரின் உணவு என்று நினைத்து ஆர்வமாகச் சொன்னார். வந்தது ஸ்பகெட்டி, ஆனால் செக்கச்செவேல் என்று கெச்சப்பில் புரட்டியது. வெங்காயம், குடைமிளகாய், சாசேஜ் துண்டுகள். பக்கத்தில் டபாஸ்கோ என்ற மிளகாய்ச் சாஸ் சீசா.

மனிதர் ஒரு நூடுலை முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தார். குழைந்தது. கடைக்கார அம்மாளைக் கூப்பிட்டு, இதை எத்தனை நிமிஷம் வேகவைத்தீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். அந்த அம்மாள் முகமெல்லாம் பெருமை: "நேற்றே வேகவைத்தது!" முதல் நாளே வேகவைத்து வைத்திருந்தால்தான் வாணலியில் புரட்டும்போது அந்தக் கொழகொழப்பு வருமாம். அவர் முகத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை, பார்க்கவும் தைரியம் இல்லை. தட்டு மட்டும் காலியாகத்தான் போனது.

இந்தப் பலகாரம் பிறந்ததே யோகோஹாமாவின் நியூ கிராண்ட் ஓட்டலில் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே தங்கியிருந்த காலம். சிப்பாய்கள் ஸ்பகெட்டியில் கெச்சப் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்து, அங்கிருந்த சமையல்காரர் தக்காளியும் பூண்டும் போட்டு ஒழுங்காகச் செய்துகாட்டினார். ஊரெல்லாம் பரவும்போது கெச்சப்பே ஜெயித்துவிட்டது.

மிளகாய்பஜ்ஜி:

நேப்பிள்ஸுக்காக ரொம்ப வருத்தப்படாதீர்கள். நாம் கோபி மஞ்சூரியனை ஒரு சீனருக்கு எந்த முகத்தோடு பரிமாறுகிறோம்?

பூரணம்:

என் கதை பலகாரம் பற்றியது. ஒசாகாவில் எங்கள் மாடியில் ஒரு பக்கம் ஜப்பானியப் பாட்டி, இன்னொரு பக்கம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த இங்கிலாந்துக்காரர். பொங்கலுக்குப் பால் பாயசம் வைத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். அவர் இரண்டு கிண்ணம் காலி செய்தார். அவர் அம்மா அடுப்பில் வைத்துச் செய்யும் அரிசிப் புட்டிங் இதுதான் என்று கண் கலங்காத குறை. பாட்டி ஒரு கரண்டி வாயில் வைத்தார், விழுங்கினார், "அபூர்வமாக இருக்கிறது" என்றார். ஜப்பானில் அப்படிச் சொன்னால் மீதியை நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போதே தெரியும். சோற்றில் பாலா, அதில் சர்க்கரையா! பேத்தி தனியாகச் சொன்னாள், "பாட்டிக்குச் சோறு பாவமாகத் தெரிந்தது" என்று.

செப்டம்பரில் பாட்டியின் முறை. இரவும் பகலும் சமமாகிற நாளை ஒட்டி முன்னோரை நினைத்து ஒஹாகி செய்வார்கள். ஒட்டரிசிச் சோற்றைப் பாதி மசித்து உருட்டி, மேலே சிவப்புப் பயறைச் சர்க்கரையோடு கிளறிய விழுதைப் பூசுவது. வசந்தத்தில் இதையே செய்தால் பெயர் போத்தமோச்சி, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலாந்துக்காரர் கறுப்பாக மின்னியதைச் சாக்லேட் என்று நம்பி ஒரே கடியில் பாதியைப் பிய்த்தார். மெல்லுவது நின்றது. "இது பயறு!" என்றார். அவருக்குப் பயறு என்றால் தக்காளிச் சாற்றில் மிதந்து ரொட்டி மேல் வருவது. அதில் சர்க்கரை போடுவதை அவர் மனம் ஏற்கவில்லை.

நான் நான்கு சாப்பிட்டேன். வேறென்ன செய்வது, கொழுக்கட்டையை உள்வெளியாகத் திருப்பினால் ஒஹாகி. பூரணம் வெளியே, அரிசி உள்ளே. பாட்டியிடம் செய்முறை கேட்டேன். பயறைக் கொதிக்கவிட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், துவர்ப்பு போகும். சர்க்கரையை மூன்று தடவையாகப் போட வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. என் அம்மாவும் பூரணத்தில் உப்பு போடுவாள். பாட்டிக்கு இதைச் சொன்னபோது, பாயசத்தை மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது.

தயிர்சாதம்:

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு. கறி ரைஸ் என்றதும் நம்ம ஊர்ச் சமாசாரம் என்று பாய்ந்துவிடாதீர்கள். ஒரு ஜப்பானியத் தோழி வீட்டில் காய்கறி மட்டும் போட்டுச் செய்தேன் என்று அன்பாக வைத்தாள். இனிப்பு, கெட்டி, பக்கத்தில் சிவப்பு ஊறுகாய். நம் காரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழம்புக்குக் கரைத்த கறிக் கட்டியின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொருள்களில் 'கியூஷி' என்று இருந்தது, அதாவது மாட்டுக் கொழுப்பு. கடைகளில் கிடைக்கும் கறிக் கட்டிகளில் நிறைய இப்படித்தான், மாடோ பன்றியோ கொழுப்பு இருக்கும். இந்த ஒரு வார்த்தையின் எழுத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் இது எங்கள் ஊரிலிருந்து வரவில்லை என்றேன். "ஆமாம், இங்கிலாந்திலிருந்து வந்தது" என்றாள் சாதாரணமாக. ஆங்கிலேயரின் கறிப்பொடி வழியாக வந்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கிச் சோற்றில் ஊற்றுவது 1908இல் கடற்படைச் சமையல் நூலிலேயே ஏறிவிட்டது. இன்றைக்கும் அவர்கள் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். ஆப்பிளும் தேனும் போட்ட வெர்மாண்ட் கறி என்ற கட்டி 1963இல் வந்த பிறகு குழந்தைகள் சாப்பாடாகவும் ஆகிவிட்டது. நேராக இந்தியாவிலிருந்து வந்த கதை ஒன்று தனியாக இருக்கிறது: பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி வந்த புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ், டோக்கியோவின் ஷின்ஜுகுவில் இருந்த மாமனாரின் கடையான நகமுராயாவில் 1927இல் போட வைத்த கறி. அந்த மாதிரியை ஜப்பானியர் 'இந்தியக் கறி' என்பார்கள். மற்றதெல்லாம் வெறும் கறி, அவர்களுடையது.

மீன்குழம்பு:

நான் ஓஸ்லோவில் இருக்கிறேன். முதல் பதிவில் வந்த ஜெர்மானியரிடம் அவருக்குப் பிடித்த சுஷி எது என்று கேளுங்கள். சால்மன் என்றால், அதற்கு எங்கள் ஊர்தான் காரணம். பசிபிக் சால்மனில் புழு இருக்கும் என்று ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தொட மாட்டார்கள், உப்பிட்டுச் சுட்டுத்தான் தின்பார்கள். 1980களில் நோர்வே, பண்ணையில் வளர்த்த மீனை விற்க ஜப்பானில் ஆள் வைத்து வருஷக்கணக்காகப் பேசித்தான் பச்சைச் சால்மனைத் தட்டில் ஏற்றியது. என்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியரின் அப்பா இன்னும் அதைத் தள்ளி வைத்துவிடுகிறாராம்.

நிஷிகசாய்க்காரன்:

கேட்டேன், சால்மன்தான்! விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நேற்று அவரை ஹம்பாகு கடைக்குக் கூட்டிப் போனேன். தட்டு வந்ததும், "இது எங்கள் ஃப்ரிக்கடெல்லே! வீட்டில் ஆறிப்போனதைக் கடுகு விழுதோடு தின்போம்" என்றார். கடுகு வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் கராஷி கொண்டுவந்தார். அதுவும் கடுகுதான், ஆனால் மூக்கில் ஏறுகிற ரகம். நான் சொல்வதற்குள் ஒரு தேக்கரண்டி தடவிவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, ரைஸு இன்னொரு தட்டு கேட்டார்.