வெப்கேம் முன் அமர்ந்து பேசக் கற்றுக்கொண்ட அனுபவம்: நீங்களும் பகிருங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். வகுப்பறையில் 31 ஆண்டுகள் நின்றுகொண்டே பேசிய எனக்கு, மடிக்கணினியின் மேல் விளிம்பில் மிளகளவே இருக்கும் ஒரு துளையைப் பார்த்து 2 நிமிடம் பேசக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. அதை இங்கே எழுதினால், இதே பாடுபட்ட மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் என் மகள் வசிக்கும் ஊரில், பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சிறு தமிழ் வகுப்பு உண்டு. பதினொரு குழந்தைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு உச்சரிப்பு கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்கள். முதலில் நேரலையில்தான் தொடங்கினோம். கோடையில் அவர்களுக்கும் நமக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் வித்தியாசம் இருப்பதால், இங்கே ஞாயிறு காலை 7 மணிக்கு நான் காபியை முடித்துவிட்டு உட்கார்ந்தால், அங்கே சனிக்கிழமை மாலை விளையாட்டு முடிந்து களைத்துப்போன பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் எதிரே இருப்பார்கள். ஆகையால் வாரம் ஒரு சிறு காணொளியைப் பதிவு செய்து அனுப்பிவிடுவது, அவரவர் நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

என் முதல் காணொளி 12 நிமிடம் ஓடியது. அதை மின்னஞ்சலில் இணைக்கப் பார்த்தேன். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாக ஏற்பதில்லை என்பதால், கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு அதன் இணைப்பு முகவரியை அனுப்பியது. யார் பார்க்கலாம் என்ற அனுமதியை நான் மாற்றவில்லை. மறுநாள் காலை, திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று ஏழு பெற்றோர்களிடமிருந்து ஏழு கோரிக்கைகள் வந்திருந்தன. பள்ளியில் விடுப்புக் கடிதம் வாங்கிப் பழகிய கைக்கு இது ஒருவகையில் பொருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சிலேட்டில் ‘ழ’ எழுதிக் கேமராவுக்குக் காட்டினேன். திரையில் அது இடவலமாக மாறித் தெரிந்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணி, ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து எழுத்தைத் திருப்பி எழுதப் பழகி, திரையில் சரியாகத் தெரியும்வரை விடாமல் எழுதி, அந்தப் பெருமிதத்தோடு பதிவை அனுப்பினேன். நாம் பதிவு செய்யும்போது திரையில் காண்பது கண்ணாடிப் பிம்பம் மட்டுமே என்றும், பெரும்பாலான செயலிகளில் பதிவாகும் காணொளி நேராகவே இருக்கும் என்றும் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எட்டு வயதுப் பேரன் தொலைபேசியில் அழைத்து, “பாட்டி, உங்களுக்கே ழ எழுத வரலையா?” என்று கேட்டான்.

வெளிச்சம், சேலை, மின்விசிறி ஆகிய மூன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகிறது. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் தனி விளக்கே தேவையில்லை. தூய வெள்ளைப் புடவை கட்டினால் கேமரா அந்த வெண்மைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்வதால் முகம் மங்குகிறது. பொடிக்கட்டம் போட்ட புடவையோ நான் அசையும்போதெல்லாம் திரையில் நெளிகிறது. கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தினால் நெற்றி வியர்த்து மினுங்குகிறது, ஓடவிட்டால் காற்றின் இரைச்சல் ஒலிவாங்கியில் ஏறுகிறது. நான் வியர்வையைத் தேர்ந்தெடுத்தேன். வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம், இரைச்சலுக்குள் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும்.

உண்மையில் எனக்குக் கடினமாக இருந்தது இவை எதுவுமில்லை. காணொளி சுருக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால், பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து, இடைவெளிகளையெல்லாம் ஒழித்து, 4 நிமிடப் பாடத்தை 1 நிமிடம் 40 விநாடிக்குக் கொண்டுவந்தேன். மூச்சுவிடும் இடத்தைத் தவிர எங்கும் நிறுத்தம் கிடையாது. திறமையாகச் செய்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு தாய், தன் ஆறு வயது மகள் என் காணொளியைப் பார்ப்பதைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். திரையில் நான் ஒரு படத்தைக் காட்டி, “இது என்ன பழம்?” என்று கேட்கிறேன். அந்தக் குழந்தை நிமிர்ந்து, கண்கள் விரிய, பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். அதற்குள் நானே “வாழைப்பழம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன். அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே திறக்கிறாள், மூடுகிறாள். நான்காவது கேள்வியில் அவள் வாயைத் திறக்கவேயில்லை. விரலால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பறையில் எனக்கு இந்தப் பிழை நேர்ந்ததே கிடையாது. அங்கே நாற்பது முகங்கள் எதிரே இருந்து, எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ஓயாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. அதை என் திறமை என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன். இப்போது கேள்வி கேட்டபின், அந்தத் துளையிலிருந்து பார்வையை எடுக்காமல், மனத்துக்குள் நான்கு வரை எண்ணுகிறேன். அந்த நான்கு எண்ணிக்கையும் ஒரு யுகமாகத் தோன்றும். கீழே தண்ணீர் லாரி போகும், யாரோ அழைப்பு மணியை அடிப்பார்கள், நாம் எதையோ மறந்துவிட்டு விழிப்பதைப் போல நமக்கே தோன்றும். தோன்றட்டும் என்று விட்டுவிட வேண்டும். காணொளி இப்போது 2 நிமிடம் 10 விநாடிக்கு வளர்ந்திருக்கிறது.

இன்னும் கைகூடாதது ழகரம் ஒன்றுதான். நுனிநா அணரி அண்ணம் வருடப் பிறப்பது, அதாவது நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தடவும்போது பிறப்பது என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த அணர்தல் வாய்க்குள் நிகழ்வதால் கேமராவுக்குத் தெரிவதில்லை. முகத்தைக் கேமராவுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோனேன். மூக்கு மட்டும் பூசணிக்காய் போலப் பெருத்துத் தெரிகிறது, ஒரு குழந்தை பயந்தேவிட்டதாம். இடக்கையை மேலண்ணமாகவும் வலக்கையை நாக்காகவும் வைத்து வளைத்துக் காட்டுகிறேன், அதுவும் அவர்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பணியாளர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். ழகரத்துக்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதற்காக நான் பேருந்துக்கும் செலவழித்து மானத்தையும் இழந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நாள், மோட்டார் பழுது போன்ற அறிவிப்புகளைக் காணொளியாகப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத்தில் போட்டால் யாரும் படிப்பதில்லை. இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து பதிவு செய்தால், முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலேறிக்கொண்டே இருந்தன. வெப்கேம் பழுது என்று முடிவுகட்டி, அதைப் பையில் போட்டுக்கொண்டு, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்த நெரிசலில் ஒரு சிறு கடைக்காரர் அதைத் தன் கணினியில் செருகினார். படம் துல்லியமாக இருந்தது, பட்டையே இல்லை. வீட்டுக்கு வந்து போட்டால் மறுபடியும் பட்டை. இரண்டாம் முறை போனபோது அவர் கேமராவைத் தொடவேயில்லை. “சார், வீட்டுல பழைய சோக் போட்ட டியூப் லைட்டா?” என்று மட்டும் கேட்டார். மின்பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய காந்தச் சோக்கில் எரியும் குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கண் அதை உணர்வதில்லை. கேமராவின் அமைப்பு அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அது ஒளியை வாங்கும் கால அளவும் விளக்கின் துடிப்பும் ஒத்துப்போகாமல் பட்டை விழுகிறது. விண்டோசின் கேமரா செயலியிலேயே மினுமினுப்பைக் குறைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை 50 என்று மாற்றினேன், பட்டை மறைந்தது. மின்னணுச் சோக்கு உள்ள விளக்கு பல்லாயிரம் ஹெர்ட்ஸில் இயங்குவதால் அங்கே இந்தத் தொல்லை வருவதில்லை. விலை குறைந்த சில எல்இடி பல்புகளில் வரும். கடைக்காரர் என்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சைதாப்பேட்டையிலிருந்து

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆசிரியை அவர்கள் கைகளால் காட்டுவதாக எழுதியதைப் படித்ததும் ஒரு செய்தியைச் சொல்லத் தோன்றியது.

என் தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். சைகைமொழிதான் அவனுக்கு முதல் மொழி. எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. ஆகையால் நமக்குக் கடிதம் எப்படியோ அப்படி அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சிறு காணொளி. அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், நேரத்தை அவனுக்கு மடிக்கணினியில் பதிவு செய்து அனுப்பினேன். செய்தி வாசிப்பவரைப் போல மார்பளவில் என்னை வைத்துக்கொண்டிருந்தேன். மணியைக் காட்டிய விரல்கள் சட்டகத்துக்குக் கீழே போய்விட்டன. அவன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தான், வந்ததும் என்மேல் கோபப்பட்டான். அன்றிரவு என்னை நாற்காலியில் உட்காரவைத்து அவனே பாடம் நடத்தினான்.

தலைக்கு மேலே சிறிது இடம், கீழே இடுப்பு வரை, பக்கவாட்டில் இரு முழங்கைகளும் அடங்கும்படி பின்னால் தள்ளி உட்கார வேண்டும் என்றான். இந்தியச் சைகைமொழியில் ஆங்கில எழுத்துகளைக் காட்டவே பெரும்பாலும் இரு கைகளும் தேவை என்பதால், ஒரு கை வெட்டுப்பட்டால் பாதிச் சொல் போய்விடும். சட்டை ஒரே நிறமாகவும், தோல் நிறத்திலிருந்து வேறுபட்டதாகவும் இருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் வசதியைத் தொடவே கூடாது. அது விரல்களையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் கேமரா விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதால், வேகமாக அசையும் கை புகைபோலக் கலைகிறது. பேசுபவர்களுக்கு இருட்டில் முகம்தான் மங்கும், எங்களுக்குச் சொல்லே மங்கும் என்று சைகையில் சொன்னான். புருவத்தை மறைக்கும் முடியையும் ஒதுக்கச் சொன்னான், ஏனென்றால் கேள்வி என்பதைக் காட்டுவதில் புருவத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. பதிவுப் பொத்தானை அழுத்திய கை மடிக்குத் திரும்பிவந்த பிறகுதான் அவன் தொடங்குவான். முடித்த பிறகும் உடனே கையை நீட்டாமல் ஒரு கணம் சும்மா இருப்பான். அந்த ஒரு கணத்தைப் பார்த்தால்தான் சொல்லி முடித்துவிட்டான் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா, நீங்கள் கேள்விக்குப் பிறகு நான்கு வரை எண்ணுவதாக எழுதியதை அவனுக்குச் சைகையில் சொன்னேன். ஆறு வரை எண்ணச் சொல்கிறான்.

மேற்கு மாம்பலத்திலிருந்து மீண்டும்

பெரம்பூர் ஐயாவுக்கும் சைதாப்பேட்டைச் சகோதரிக்கும் நன்றி. 50 என்று மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்திலும் அந்தப் பட்டை இருந்திருக்கிறது, என் மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பு என்று நான்தான் தவறாக எண்ணியிருந்தேன்.

சகோதரியின் குறிப்பைப் படித்தபின் என் பழைய காணொளிகளை எடுத்துப் பார்த்தேன். நாக்காக வளைத்துக் காட்டிய வலக்கை ஏழு காணொளிகளில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. அண்ணம் மட்டும் இருக்கிறது, நாக்கைக் காணோம். பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, கரும்பச்சைப் பருத்திப் புடவை கட்டி, காலை 9 மணிக்குச் சன்னலைப் பார்த்தபடி ழகரப் பாடத்தை மறுபடியும் பதிவு செய்தேன். ளகரத்துக்கு விரல்நுனி உள்ளங்கையைத் தொடுகிறது, ழகரத்துக்குத் தொடாமல் வளைந்து நிற்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, ஆறு வரை எண்ணினேன்.

இந்த வாரம் மூன்று பிள்ளைகள் பதிலுக்குத் தங்கள் காணொளியை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவனுக்கு இன்னும் ளகரம்தான் வருகிறது. மேசையைச் சுரண்டிய அந்தப் பெண் குழந்தை நன்றாகச் சொல்கிறாள். மூன்றாமவன், தன் கையையும் நாக்காக வளைத்துக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் அதைக் கேமராவுக்கு மிக அருகே கொண்டுவந்துவிட்டதால், காணொளி முழுவதும் அவனுடைய உள்ளங்கை மட்டுமே தெரிகிறது. அதற்குப் பின்னாலிருந்து கேட்கும் ழகரம் சரியாக இருக்கிறது.